லேசர் புள்ளியும் ஏரியல் போட்டோவும் வச்சு பழைய மதுரைக்கு 3டி மாடல்: ஒண்ணு மேல ஒண்ணு போட்டா போதுமா?

கேள்வி என்னன்னா, ஒரு தம்பி சிவில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாலு மாசி வீதிக்குள்ள இருக்கிற ஏரியாவை 3டி மாடல் பண்ணப் போறாராம், விமானத்துல இருந்து எடுத்த லேசர் ஸ்கேன், அதாங்க லைடார், அது ஒரு செட்டும் ஏரியல் போட்டோ ஒரு செட்டும் கைக்கு வர்ற மாதிரி இருக்காம். "போட்டோவை மட்டும் சாஃப்ட்வேர்ல போட்டாலே 3டி வந்துருதே, அப்புறம் லைடார் எதுக்கு? ரெண்டும் இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு போட்டா வேலை முடிஞ்சுதா?"ன்னு கேட்டிருக்காரு.

முடியாது தம்பி. மட்டத்துக்கு லேசரை நம்புங்க, விளிம்புக்கு போட்டோவை நம்புங்க, எந்த இடத்துல எதை நம்புறதுன்னு முடிவு பண்றதுதான் மொத்த வேலையே. புள்ளிக்கெல்லாம் போட்டோவுல இருந்து கலரை எடுத்துப் பூசிவிட்டு அதுக்கு ஃப்யூஷன், அதாவது இணைப்புன்னு பேரு வச்சு பில் போடுற ஆளுங்க நெறைய இருக்காங்க, பாக்க ஜோரா இருக்கும், மீட்டிங்ல கைதட்டு கூட வாங்கும், ஆனா லேசர் விட்ட தப்பு அதுல சரியாகாது, போட்டோ விட்ட தப்பும் சரியாகாது, ரெண்டு தப்பும் சேந்து ஒரே ஃபைல்ல உக்காந்திருக்கும், அம்புட்டுதான்.

முதல்ல ரெண்டும் எதை அளக்குதுன்னு பாத்துருவோம். ஸ்கேனர் செகண்டுக்கு லட்சக்கணக்குல லேசர் துடிப்பை கீழ விடுது, ஒவ்வொண்ணும் எதுலயாவது பட்டுத் திரும்பி வர்ற நேரத்தை எண்ணுது. ஆயிரம் மீட்டர் உயரத்துல பறந்தா போயிட்டு வர ஏழு மைக்ரோசெகண்டு கூட ஆகாது, அந்த எண்ணிக்கையில ஒரு நானோசெகண்டு பிசகினா தூரத்துல 15 சென்டிமீட்டர் பிசகும், அதனால மெஷினு எம்புட்டு நுணுக்கம்னு பாத்துக்கங்க. விமானம் அந்த நொடி எங்க இருந்துச்சுன்னு ஜிபிஎஸ் சொல்லுது, எங்கிட்டு சாஞ்சிருந்துச்சுன்னு ஐஎம்யூங்கிற சாய்வு அளக்கிற கருவி சொல்லுது, மூணையும் கூட்டினா ஒரு புள்ளிக்கு நீளம் அகலம் உயரம் கிடைச்சிருது. இதுல முக்கியமான விசயம், ஒரு இடத்தோட உயரம் தெரிய ஒரே ஒரு கதிர் அங்க போய்ப் பட்டாப் போதும். ஆனா கதிர்னா ஊசி மாதிரி நெனைச்சிராதீங்க, ஆயிரம் மீட்டர் இறங்குறதுக்குள்ள விரிஞ்சு 25 சென்டிமீட்டர்ல இருந்து 50 சென்டிமீட்டர் வரைக்கும் ஒரு வட்டமா ஆகிரும். அந்த வட்டத்துல பாதி வேப்பமரத்து இலையில பட்டு, மீதி தரையில பட்டா ரெண்டு எதிரொலி தனித்தனியா வரும். அதை வச்சுத்தான் மரத்தடி தரையைக்கூட லைடார்ல எடுக்குறாங்க.

கேமரா அப்படி இல்லை, அதுக்கு தூரம் தெரியாது, திசை மட்டும்தான் தெரியும். ஒரே பொருளை ரெண்டு இடத்துல இருந்து எடுத்த ரெண்டு போட்டோவுல கண்டுபிடிச்சு, ரெண்டு திசையும் எங்க வெட்டிக்குதுன்னு கணக்குப் போட்டாத்தான் உயரம் வரும். இப்ப இருக்கிற சாஃப்ட்வேர் நெறைய, 2005ல ஹிர்ஷ்முல்லர்னு ஒரு ஜெர்மன்காரர் கொண்டுவந்த செமி குளோபல் மேட்சிங் முறையையோ அதோட பங்காளி முறை எதையாவதோ வச்சுத்தான் பிக்சல் பிக்சலா இதைப் பண்ணுது. நல்ல வெளிச்சம், நல்ல டெக்ஸ்சர் (அடையாளம் புடிக்கிற மாதிரி புள்ளி கோடு இருக்கிற பரப்பு), திறந்த வெளி, இது மூணும் இருந்தா போட்டோ லைடாரையே தோக்கடிக்கும், பிக்சல் 5 சென்டிமீட்டர்னா புள்ளியும் 5 சென்டிமீட்டருக்கு ஒண்ணு. இந்த மூணுல ஒண்ணு இல்லாம போறப்பதான் கதை மாறுது, பழைய மதுரையில அது தெருவுக்குத் தெரு மாறும்.

சந்து ஒண்ணை எடுத்துக்கங்க. ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் நடுவுல ரெண்டரை மீட்டர் அகலத்துல ஒரு சந்து, ரெண்டு பக்கமும் மூணு மாடி, பத்து மீட்டர் சுவருன்னு வைங்க. சந்தோட நடுத்தரை வானத்துக்குத் தெரியணும்னா, சந்துக்குக் குறுக்கால பாக்குறப்ப, செங்குத்துல இருந்து அங்கிட்டு 7 டிகிரி இங்கிட்டு 7 டிகிரிக்குள்ள இருந்து பாக்கணும், அதைத் தாண்டினா சுவர் மறைச்சிரும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு அந்த 7 டிகிரி 125 மீட்டர் சுமாருக்கு வரும். இப்ப சந்து விமானம் போற திசைக்குக் குறுக்கால இருக்குன்னா, போட்டோவுக்கு ரெண்டு எக்ஸ்போஷரும் அந்த 250 மீட்டர் நீளத்துக்குள்ள விழணும். ஒரு போட்டோவும் அடுத்த போட்டோவும் 60 சதவீதம் ஒரே இடத்தைக் காட்டுற ஓவர்லாப்புல கேமரா 400 மீட்டருக்கு ஒரு தடவை க்ளிக் பண்ணிட்டுப் போச்சுன்னா ஒரு போட்டோவுலதான் தரை தெரியும், சில சந்துக்கு அதுவும் கிடையாது. ஒரு கண்ணுல தெரிஞ்சா உயரம் வராது. ஆனா சாஃப்ட்வேர் "எனக்குத் தெரியலை"ன்னு சொல்லாது, ரெண்டு மொட்டைமாடிக்கும் நடுவுல ஒரு ஜமுக்காளத்தை விரிச்ச மாதிரி மேற்பரப்பை இழுத்துவிட்டு சந்தையே காணாமப் பண்ணிரும். அதே சந்துல லேசருக்கு வேலை சுளுவு, ஏன்னா முக்கால்வாசி ஸ்கேனர் விமானம் போற திசைக்குக் குறுக்காலதான் வீசும், அந்த வீச்சு சந்தோட நீளவாக்குல விழுது, சுவர் மறைக்கவே மறைக்காது, தரை வரைக்கும் போய் ஒரே கதிர்ல உயரத்தைக் கொண்டாந்துரும்.

ஆனா சந்து விமானம் போற திசையிலேயே ஓடுச்சுன்னா லேசரும் மாட்டிக்கும், விமானப் பாதையில இருந்து 125 மீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற சந்துல ஒரு சுவர் மறைச்சிரும். கோயிலைச் சுத்தி சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளின்னு நம்ம வீதியெல்லாம் சதுரம் சதுரமா இருக்கிறதால, தெருவுல பாதி வடக்கு தெக்கு, பாதி கிழக்கு மேற்கு. அதனால ஒரே திசையில பறந்த டேட்டாவை வாங்கினீங்கன்னா பாதித் தெருவுக்குத் தரை சரியா வராது, குறுக்குப் பறப்பும் இருக்கான்னு முதல்லயே கேளுங்க. இதை டெண்டர்ல எழுதாம விட்டுட்டு அப்புறம் பொலம்புறவங்க ஜாஸ்தி.

அடுத்தது கோபுரம். மீனாட்சி அம்மன் கோயில் தெக்குக் கோபுரம் சுமார் 170 அடி, 52 மீட்டர். ஆயிரம் மீட்டர் உயரத்துல, கோபுரத்துக்கு அரை கிலோமீட்டர் வடக்க கேமரா இருக்குன்னு வைங்க, அந்த போட்டோவை சாதாரண ஆர்த்தோவா, அதாவது மேப்பு மாதிரி நேர் மேல இருந்து பாத்த படமா மாத்தினா கோபுர உச்சி அடியில இருந்து 27 மீட்டர் தள்ளி தெக்கு சித்திரை வீதி மேல படுத்துக் கிடக்கும். சாதாரண ஆர்த்தோவுல தரை மட்டும்தான் சரியான இடத்துக்கு வரும், ஏன்னா அதுக்குக் குடுக்கிறது கட்டடம் மரம் எல்லாம் எடுத்துட்ட வெறும் தரை மாடல். கட்டடமும் நிமிந்து நிக்கணும்னா ட்ரூ ஆர்த்தோ பண்ணணும், அதுக்கு கட்டடம் மரம் எல்லாம் சேத்த மேற்பரப்பு மாடல், டிஎஸ்எம்னு சொல்றோம்ல, அது வேணும், எந்த பிக்சலை எது மறைக்குதுன்னு கதிர் கதிரா சோதிச்சு, மறைஞ்ச இடத்தை வேற போட்டோவுல இருந்து எடுத்து ரொப்பணும். இந்த மறைப்புச் சோதனையை விட்டுட்டா ஒரே கட்டடம் ரெண்டு தடவை தெரியும், ஒண்ணு அது நிக்கிற இடத்துல, இன்னொண்ணு பேய் மாதிரி பக்கத்துத் தெருவுல. டிஎஸ்எம் விளிம்பு கூர்மையா இல்லைன்னா கட்டட ஓரமெல்லாம் பல்லுப் பல்லா வரும். கவனிச்சீங்களா, போட்டோ நிமிரணும்னா லேசர் வேணும், லேசரோட விளிம்பு கூர்மையாகணும்னா போட்டோ வேணும்.

கோபுரத்துப் பக்கவாட்டு சுதைச் சிற்பமெல்லாம் இதுல வரும்னு மட்டும் ஆசைப்படாதீங்க. மேல இருந்து பாக்குற எந்தக் கருவிக்கும் அது ஒரு சரிவான கரடுமுரடுதான், சிலை வேணும்னா கீழ இருந்து ஸ்டாண்டு போட்டு ஸ்கேன் பண்ணணும், அது வேற வேலை, வேற அனுமதி. தங்க விமானம் இன்னொரு தலைவலி. பளபளப்பான உலோகத்துல லேசர் கண்ணாடியில பட்ட மாதிரி வேற பக்கம் தெறிச்சுப் போயிரும், இல்லைன்னா நேரா மூஞ்சிக்கே திரும்பி வந்து ரிசீவரைத் திணறடிக்கும், போட்டோவுலயும் மினுமினுப்பு கேமரா நகர நகர நகந்துக்கிட்டே இருக்கிறதால மேட்சிங் பைத்தியம் புடிச்சு ஓடும். அங்க கொஞ்சம் கையாலதான் சரி பண்ணணும்.

இப்ப நம்ம ஊரு மொட்டைமாடிக்கு வருவோம், உங்க ப்ராஜெக்ட்ல பாதி நேரம் இதுலதான் போகப் போகுது. மேலத்தெருவுல ஒரு வீடு, 9 இஞ்சு கைப்பிடிச் சுவர், அதாவது 23 சென்டிமீட்டர் கனம், மூணடி உயரம், ஒரு மூலையில மாடிப்படி ஹெட்ரூம், அது மேல கறுப்பு சின்டெக்ஸ் டேங்கு, மீதி இடத்துல பாதிக்கு தகர ஷீட்டு போட்டிருக்கு, தரையில தட்டோடு பதிச்சு வெள்ளை பெயிண்டு அடிச்சிருக்கு. லேசர் ஒரு சதுர மீட்டருக்கு 8 புள்ளின்னா புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 35 சென்டிமீட்டர். 23 சென்டிமீட்டர் சுவர் மேல புள்ளி விழுறது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, ரெண்டு புள்ளி சுவர் மேல விழும், அடுத்த புள்ளி தாண்டி உள்ள விழும், அடுத்தது தெருவுலயே போய் விழும். போதாததுக்கு கதிரோட வட்டமே சுவரை விட அகலம், பாதி சுவர் தலையில பாதி மாடித் தரையில படும், துடிப்போட நீளம் 4 நானோசெகண்டுன்னா 60 சென்டிமீட்டருக்குக் கம்மியான உயர வித்தியாசத்தைப் பிரிச்சுச் சொல்லவே தெரியாது, மூணடிச் சுவருங்கிறதால இங்க தப்பிச்சோம், ஒன்றரை அடித் திட்டா இருந்தா ரெண்டும் ஒண்ணாக் கலந்து நடுவுல ஏதோ ஒரு உயரத்தைச் சொல்லிட்டுப் போகும். விளைவு என்னன்னா கட்டட விளிம்பு கரையான் அரிச்ச மாதிரி வரும். கறுப்பு டேங்குல இருந்து எதிரொலி பலவீனமா வரும், புதுத் தகரத்துல கோணம் சரியில்லைன்னா வரவே வராது.

அதே வீட்டை 6 சென்டிமீட்டர் பிக்சல் போட்டோவுல பாருங்க, கைப்பிடிச் சுவர் மூணு நாலு பிக்சல் அகலத்துக்கு நேர் கோடா, பக்கத்துலயே நிழல் கோடோட, பளிச்சுனு தெரியும். ஆனா உள்ள வெள்ளை பெயிண்டு அடிச்ச தரை இருக்கு பாருங்க, அங்க மேட்ச் பண்ண ஒரு புள்ளி கிடையாது, எல்லா பிக்சலும் ஒரே வெள்ளை, போட்டோவுல இருந்து வந்த உயரம் அங்க மேடும் பள்ளமுமா அலை அடிக்கும். லேசருக்கோ அந்த வெள்ளைத் தரைதான் ராஜபோகம், நாலு பக்கமும் ஒரே மட்டம், சென்டிமீட்டர் சுத்தம்.

அப்ப வேலை முறை தானா வந்துருது. லேசர் புள்ளியில இருந்து தளங்களைப் பிரிச்செடுங்க, ரான்சாக்குனு ஒரு பழைய முறை இருக்கு, 1981ல வந்தது, எதேச்சையா மூணு புள்ளியை எடுத்து ஒரு தளம் வரையும், எத்தனை புள்ளி அதோட ஒத்துப்போகுதுன்னு எண்ணும், திரும்பத் திரும்பப் பண்ணி அதிக ஓட்டு வாங்கினதை வச்சுக்கும். சுத்துமுத்தும் ஒத்த புள்ளியைச் சேத்து வளத்துக்கிட்டே போற முறையும் இருக்கு, நம்ம மாடிக்கு எனக்கு அதுதான் புடிக்கும், ஏன்னா ரான்சாக் சில சமயம் பக்கத்து வீட்டு மாடியும் ஒரே உயரத்துல இருந்தா ரெண்டையும் ஒரே தளமாக் கட்டிப்போட்டுரும், ஒட்டுச் சுவர் வீடுக நெறைஞ்ச மதுரையில அது தெனமும் நடக்கும். தளம் கிடைச்சதும், அந்தத் தளம் சுமாரா எங்க முடியுதோ அதைச் சுத்தி ஒரு மீட்டர் பட்டைக்குள்ள மட்டும் போட்டோவுல நேர்கோடு தேடுங்க. போட்டோ பூராத் தேடினா துணி காயப்போடுற கொடி, சோலார் பேனல், நிழல், தார் ரோட்டு ஒட்டு எல்லாம் கோடாத்தான் வரும், லேசர் "இந்த இடத்துலதான் உயரம் மாறுது"ன்னு சொல்றதால வேண்டாத கோடெல்லாம் கழிஞ்சிரும். கிடைச்ச கோட்டை ரெண்டு மூணு போட்டோவுல பாத்து லேசர் தளத்தோட வெட்டி 3டி இடத்தை எடுத்துக்கங்க. சரிவுக் கூரை, உதாரணத்துக்கு சீமை ஓடு போட்ட பழைய வீடு இருந்தா, உச்சிக் கோட்டுக்கு போட்டோ தேவையே இல்லை, ரெண்டு சரிவுத் தளமும் வெட்டிக்கிற கோடுதான் உச்சி, அதை எந்த போட்டோவும் அம்புட்டு சுத்தமாத் தராது.

இதைப் பத்தி வந்த பேப்பர்ல பெரும்பாலானது இந்தச் சரிவுக் கூரைக்காக எழுதினது, அதையும் மனசுல வச்சுக்கங்க. எல்லாரும் சோதிச்சுப் பாக்குற ஃபைஹிங்கன் டேட்டா ஜெர்மனியில ஒரு சின்ன ஊரு, 2008ல 500 மீட்டர் உயரத்துல பறந்து சதுர மீட்டருக்கு சராசரி 4 புள்ளி, கூடவே 8 சென்டிமீட்டர் அகச்சிவப்பு போட்டோ, தனித்தனி வீடு, ஓட்டுக் கூரை, வீட்டைச் சுத்தி புல்லு. அதுல பழக்கின டீப் லேர்னிங் மாடலை எடுத்தாந்து மாசி வீதியில விட்டா தகர ஷீட்டை ரோடுங்கும், டேங்கை மரம்ங்கும். நம்ம ஊரு டேட்டாவுல கொஞ்சமாவது கையால லேபிள் போட்டுப் பழக்காம அதை நம்பாதீங்க.

ரெண்டையும் சேக்குறதுக்கு முன்னாடி ரெண்டும் ஒரே இடத்துல நிக்கணும், இதுலதான் நெறைய ப்ராஜெக்ட் கவுந்துருது. ஸ்கேனரும் ஐஎம்யூவும் விமானத்துல மாட்டின கோணத்துல 0.01 டிகிரி பிசகு இருந்தா ஆயிரம் மீட்டருக்குக் கீழ 17 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 0.01 டிகிரிங்கிறது கண்ணுக்கோ கைக்கோ தெரியுற விசயமே இல்லை. போட்டோ இன்னொரு பக்கம் தள்ளி நின்னுச்சுன்னா போட்டோவோட கைப்பிடிச் சுவர் லேசரோட தெருவுல நிக்கும், நீங்க விளிம்பு தேடுற பட்டையே தப்பா விழும். லேசரைத் தனியா சரி பண்ணி, போட்டோவைத் தனியா சரி பண்ணி, கடைசியில நகத்தி நகத்திப் பொருத்துறது பழைய வழி. ரெண்டையும் ஒரே கணக்குல போட்டு ஒண்ணாச் சரி பண்றது நல்ல வழி, வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆளுங்க இதை ஹைப்ரிட் முறைன்னு விரிவா எழுதியிருக்காங்க, பல போட்டோவுல ஒண்ணாத் தெரியுற பொதுப் புள்ளி, டை பாயிண்டும்பாங்க, அது லேசர் தளத்து மேல உக்காரணும்னு ஒரு நிபந்தனையைச் சேத்துருவாங்க, அப்ப லேசர் போட்டோவோட உயரத்தைப் புடிச்சு நிறுத்தும், போட்டோ லேசரோட பக்கவாட்டு வழுக்கலைப் புடிச்சு நிறுத்தும். உங்க கைல அந்த சாஃப்ட்வேர் இல்லைன்னா, குறைஞ்சது நாலு திசைக்கும் பாக்குற சரிவுக் கூரைகளைத் தேடி, ஒரு ஸ்ட்ரிப்புக்கும், அதாவது விமானம் ஒரு தடவை பறந்து எடுத்த பட்டைக்கும், பக்கத்து ஸ்ட்ரிப்புக்கும் எம்புட்டு இடைவெளின்னு வெட்டிப் பாருங்க. மட்டமான மொட்டைமாடியை வெட்டிப் பாத்தா உயரம் மட்டும்தான் தெரியும், பக்கவாட்டுல எம்புட்டு வழுக்கியிருக்குன்னு தெரியாது, மட்டத்து மேல மட்டம் எங்கிட்டு நகந்தாலும் மட்டம்தான். மொட்டைமாடி ஊருல சரிவுக் கூரையைத் தேடித்தான் புடிக்கணும், பழைய மில்லு ஷெட்டு, கல்யாண மண்டபத்து ஷீட்டுக் கூரை இதெல்லாம் உதவும்.

தேதியும் முக்கியம். லேசர் ஒரு மாசம் போட்டோ இன்னொரு மாசம்னா நடுவுல ஒரு மாடி எழும்பியிருக்கும், ஒரு பழைய வீட்டை இடிச்சிருப்பாங்க. சித்திரைத் திருவிழா நேரத்துல பறந்த டேட்டான்னா இன்னும் விசேசம், வீதிக்கு வீதி பந்தல் போட்டிருப்பாங்க, லேசருக்கு அது மட்டமான கூரைதான், ரோட்டு நடுவுல கட்டடம் இருக்குன்னு அடிச்சுச் சொல்லும், தேரு நகந்துக்கிட்டிருந்தா அது வேற ரெண்டு ஸ்ட்ரிப்புல ரெண்டு இடத்துல நிக்கும்.

உயரம்னு சொல்றோமே, எதுல இருந்து உயரம்னு கேளுங்க. மதுரை கடல் மட்டத்துக்கு மேல நூறு மீட்டருக்கும் கூடுதலான உயரத்துல இருக்கு, ஆனா ஜிபிஎஸ் நேராத் தர்ற எண்ணு அதை விட ரொம்பக் கம்மியா இருக்கும், பாத்தா டேட்டா கெட்டுப்போச்சோன்னு பதறிருவீங்க. ஜிபிஎஸ் அளக்கிறது எலிப்சாய்டுல இருந்து, அதாவது பூமிக்குப் பதிலாக் கணக்குல வச்சுக்கிற கொஞ்சம் அமுங்கின பந்துல இருந்து, தண்ணி ஓடுறது ஜியாய்டுனு சொல்ற புவியீர்ப்பு மட்டத்தைப் பொறுத்து. இலங்கைக்குத் தெக்க இந்தியப் பெருங்கடல்ல அந்த மட்டம் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கு, உலகத்துலயே பெரிய பள்ளம் அதுதான், அந்தப் பள்ளத்தோட சரிவுலதான் நம்ம ஊரும் இருக்கு, அதனாலதான் இங்க 90 மீட்டரைச் சுத்தி வித்தியாசம் விழுது. இந்த வித்தியாசம் ஊருக்குள்ளயே அங்கிட்டு இங்கிட்டு கொஞ்சம் மாறும், ஊரு பூராவுக்கும் ஒரே எண்ணைக் கூட்டிட்டுப் போனா 3டி மாடல் அழகாத்தான் இருக்கும், சாக்கடை வாட்டம் மட்டும் தப்பாப் போகும். அதனால ஜியாய்டு மாடல் வச்சு மாத்தி, லெவல் எடுத்த பெஞ்ச் மார்க்குல சரிபாருங்க.

தரையைப் பிரிக்கிறதுக்கு நாலஞ்சு ஃபில்டர் இருக்கு. தாழ்ந்த புள்ளியில ஆரம்பிச்சு முக்கோணம் முக்கோணமா அடர்த்தியாக்கிற ஆக்ஸெல்சன் முறை ஒண்ணு, 2016ல வந்த துணி முறை ஒண்ணு, அதுல புள்ளி மேகத்தைத் தலைகீழாக் கவுத்து மேல ஒரு துணியைப் போத்துற மாதிரி கணக்குப் போடுவாங்க, துணி தொடுற இடம் தரை. சமவெளி ஊருக்கு ரெண்டுமே நல்லா வேலை செய்யும். ஆனா ஒத்தக்கடை பக்கம் போனீங்கன்னா யானைமலையை அப்படியே கட்டடம்னு வெட்டித் தூக்கிரும், மொட்டைப் பாறை, செங்குத்துச் சரிவு, மேல வழவழன்னு தளம், ஃபில்டர் பாவம் என்ன பண்ணும். திருப்பரங்குன்றம், சமணர் மலை எல்லாத்துக்கும் இதே கதிதான், அங்கங்க செட்டிங்கை மாத்தி ஓட்டணும்.

மேற்பரப்பு மாடல்ல இருந்து தரை மாடலைக் கழிச்சா தரைக்கு மேல நிக்கிறது மட்டும் மிஞ்சும், அதுல மரம் எது வீடு எதுன்னு பிரிக்க போட்டோவோட அகச்சிவப்பு பேண்டு இருந்தா சொர்க்கம். இலை அகச்சிவப்பை நல்லாத் திருப்பி அடிக்கும், சிவப்பை முழுங்கிரும், அந்த வித்தியாசத்தை கூட்டுத்தொகையால வகுத்தா வர்ற எண்ணுதான் என்டிவிஐ. பச்சைப் பெயிண்டு அடிச்ச ஷீட்டு சாதா கலர் போட்டோவுல மரம் மாதிரி ஏமாத்தும், இதுல பெரும்பாலும் மாட்டிக்கும். நிழல்ல மட்டும் அந்த எண்ணு தடுமாறும், அங்க லேசரோட பல எதிரொலியை வச்சு முடிவு பண்ணுங்க, விளிம்பை விட்டா கான்கிரீட்டுல ஒரே எதிரொலிதான் வரும், மரத்துல ரெண்டு மூணு வரும்.

தண்ணியில லேசர் கையை விரிச்சிரும். சாதாரண லைடார் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு, தண்ணி அதை முழுங்கும், மிச்சத்தை வேற பக்கம் தெறிக்கவிடும். வண்டியூர் தெப்பக்குளம் நெறைஞ்சிருக்கிறப்ப பறந்தா நடுவுல மைய மண்டபம் மட்டும் தெரியும், சுத்தி பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை சாஃப்ட்வேர் தானா ரொப்ப விடாம, போட்டோவைப் பாத்துக் கரையை வரைஞ்சு ஒரே மட்டத்தைக் குடுங்க. கண்மாய்க்கும் இதேதான்.

ஏன் இதைச் சொல்றேன்னா, இந்த மாடலுக்கு நம்ம ஊருல நெஜமான உபயோகம் வெள்ளக் கணக்குதான். 2024 அக்டோபர் 25 மழையில பந்தல்குடி வாய்க்கால் பொங்கி செல்லூர் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துச்சு. எந்த வீட்டுக்குப் புகும் எந்த வீட்டுக்குப் புகாதுங்கிறது அரையடி, முக்காலடி விசயம். பழைய ரோட்டைச் சொரண்டாம மேல மேல போட்டு வாசப்படி ரோட்டுக்குக் கீழ போன தெரு இங்க எத்தனையோ இருக்கு, அந்த அரையடியை நிழல் விழுற சந்துல போட்டோ மட்டும் வச்சு எடுக்க முடியாது, லேசர் எடுக்கும். ஆனா லேசர் வாய்க்கா மேல இருக்கிற சின்னப் பாலத்தையும் தரைன்னுதான் எடுத்துக்கும், மாடல்ல தண்ணி விட்டா பாலத்துல முட்டி அணை மாதிரி தேங்கி, மூழ்காத தெருவெல்லாம் மூழ்கும். போட்டோவைப் பாத்து ஒவ்வொரு பாலத்தையும் கல்வெர்ட்டையும் குறிச்சு தரை மாடல்ல வெட்டிவிடணும். நத்தம் ரோடு பறக்கும் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, அதை டிஎஸ்எம்ல விடுங்க, தரை மாடல்ல இருந்து எடுத்துருங்க, அதுக்கு அடியில இருக்கிற ரோட்டுக்கு ஓரப் புள்ளிகளை வச்சு இடையில ரொப்பிக்கலாம், இல்லைன்னா கீழ இருந்து ஆட்டோ லெவல்ல எடுங்க.

எம்புட்டு விவரம் வேணும்னும் முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க. விவர அளவுக்கு எல்ஓடின்னு பேரு, வெள்ளத்துக்கும் சொத்து வரிக்கும் பெட்டி பெட்டியா நிக்கிற எல்ஓடி 1 போதும், சோலார் கணக்குக்கு கூரை வடிவம் வர்ற எல்ஓடி 2 வேணும், ஜன்னலு கதவு வேணும்னா இந்த டேட்டா பத்தாது. நெதர்லாந்துக்காரங்க டெல்ஃப்ட்ல உக்காந்து நாட்டுல இருக்கிற கோடி கட்டடத்துக்கும் இப்படி ஆட்டோமேட்டிக்காப் பண்ணி இலவசமா விட்டிருக்காங்க, அவங்க லைடாரும் இலவசம்தான், ஏஹெச்என்னு தேடினா வரும், உங்க டேட்டா வர்ற வரைக்கும் அதுல கை பழகிக்கங்க, கிளவுட்கம்பேர், பிடல், க்யூஜிஐஎஸ்னு மூணு சாஃப்ட்வேருமே காசில்லாமக் கிடைக்குது. வெட்டுத் தோற்றம் பாக்க கிளவுட்கம்பேர் மாதிரி வராது.

சட்டப் பக்கம் முன்ன மாதிரி கெடுபிடி இல்லை, 2021 பிப்ரவரி வழிகாட்டுதலுக்கு அப்புறம் இந்திய ஆளுங்க நுணுக்கமான மேப்பு எடுக்க முன்னனுமதி தேவையில்லை, டேட்டா இந்தியாவுக்குள்ள இருக்கணும், பக்கவாட்டுல ஒரு மீட்டர், உயரத்துல மூணு மீட்டருக்கு மேல நுணுக்கமான டேட்டா வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத்தான் கட்டுப்பாடு. பறக்கிறதுக்கான அனுமதி வேற, அதோட இதைக் குழப்பிக்காதீங்க, கோயிலைச் சுத்தி ட்ரோன் விடலாம்னு அனுமதியில்லாம நெனைச்சே பாக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, டேட்டா வாங்கும்போது புள்ளி ஃபைலையும் ஆர்த்தோவையும் மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க. விமானம் போன பாதையோட டிராஜெக்டரி ஃபைல், ஸ்ட்ரிப் நம்பரும் ஜிபிஎஸ் நேரமும் அழியாத எல்ஏஎஸ் ஃபைல் (லேசர் புள்ளி ஃபைல்தான்), தச்சு ஒட்டாத ஒரிஜினல் போட்டோ, கேமரா கேலிபரேஷன் ரிப்போர்ட், ஒவ்வொரு போட்டோவுக்கும் இடமும் கோணமும், இது எல்லாத்தையும் எழுத்துல கேட்டு வாங்குங்க. ஆர்த்தோவுல இருந்து திரும்பப் போய் சந்து தரையை எடுக்க முடியாது, டிராஜெக்டரி இல்லாம அந்த 0.01 டிகிரியையும் திருத்த முடியாது, ப்ராஜெக்ட் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா ஹார்ட் டிஸ்க்கு வேற வேலைக்குப் போயிருச்சும்பாங்க.